ஒன்பதாவதுல அல்ஜீப்ரா 1-னா காலேஜ் வாய்ப்பு போச்சா?

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். பொண்ணு ஆகஸ்ட்ல ஹைஸ்கூல் போறா, ஃப்ரீமான்ட் பக்கம் பப்ளிக் ஸ்கூல், மேத்ஸ்ல அல்ஜீப்ரா 1 போட்டிருக்காங்க, அவ கூட படிச்ச பசங்க பாதிப்பேர் ஜாமெட்ரி, ஒண்ணு ரெண்டு பேர் அல்ஜீப்ரா 2. வாட்ஸாப் குரூப்ல யாரோ கன்சல்டன்ட்டுக்கு பணம் கட்டியாச்சுன்னு போட்டிருக்காங்க, வீட்டுக்காரர் பரதநாட்டிய கிளாஸை நிறுத்திட்டு மேத்ஸ் கோச்சிங் சேக்கலாம்னு சொல்றார், நீங்க கிரீன் கார்டு கியூல இருக்கீங்க. கேள்வியா நீங்க கேட்டது "நல்ல காலேஜ் கிடைக்க இப்பலேர்ந்து என்னென்ன செய்யணும்"ங்கறது. ஆனா வரிக்கு வரி உள்ள ஓடுறது "நாங்க ஏற்கனவே லேட் ஆயிட்டோமா"ங்கற பயம்தான். லேட் ஆகல. ஆனா ஒன்பதாவதுல கோட்டை விட்டா பின்னாடி சரி பண்றது கஷ்டமான விஷயம் நாலஞ்சு இருக்கு, அதை மட்டும் கவனிச்சா போதும், மத்ததை அவகிட்டயே விட்டுடலாம்னுதான் நான் சொல்லப் போறேன்.

நான் பே ஏரியால பப்ளிக் ஹைஸ்கூல்ல முதல்ல மேத்ஸ் டீச்சரா இருந்து அப்புறம் கவுன்சலரா ஆனவ. அதனால எனக்கு கைவந்தது கலிஃபோர்னியா விதிங்கதான். டெக்சாஸ், நியூ ஜெர்சில இருக்கறவங்க இதைப் படிச்சா அப்படியே எடுத்துக்காதீங்க. உதாரணத்துக்கு டெக்சாஸ்ல 1997-ல வந்த சட்டப்படி கிளாஸ்ல முதல் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா ஸ்டேட் யூனிவர்சிட்டில தானா இடம் கிடைக்கும், யூடி ஆஸ்டின் மட்டும் அதை இறுக்கிக்கிட்டே வந்து 2026-ல சேர்றவங்களுக்கு 5 சதவீதம்னு ஆக்கிட்டாங்க. அங்க ஒன்பதாவது மார்க்கும் ராங்க்ல சேரும், அதனால அங்க முதல் வருஷத்தோட எடையே வேற.

கலிஃபோர்னியாவுக்கு வருவோம். பேரன்ட்ஸ் நிறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம், யூசி, அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, போடற ஜிபிஏ (கிரேடு சராசரி) கணக்குல ஒன்பதாவது மார்க் சேராது. ஒன்பதாவது முடிஞ்ச சம்மர்ல ஆரம்பிச்சு பதினொண்ணாவது முடிஞ்ச சம்மர் வரைக்கும் எடுத்த கோர்ஸுங்கதான் கணக்கு. அதுக்காக முதல் வருஷம் என்ன வாங்கினாலும் பரவால்லன்னு நினைச்சுக்காதீங்க, மூணு காரணம் இருக்கு. ஒண்ணு, அப்ளிகேஷன்ல ஒன்பதாவது கோர்ஸும் கிரேடும் எழுதித்தான் ஆகணும், படிக்கறவங்க கண்ணுல படும். ரெண்டு, யூசி கேக்கற 15 கோர்ஸ் பட்டியல் இருக்கு, ஏ-ஜின்னு சொல்வாங்க, அதுல 'சி'யோ அதுக்கு மேலயோ வாங்கினாத்தான் செல்லும், ஒன்பதாவதுல இங்கிலீஷ்ல 'டி' வாங்கிட்டா அதை திரும்ப எடுக்கணும். மேத்ஸ்லயும் ஃபாரின் லாங்வேஜ்லயும் மட்டும் அடுத்த லெவல்ல நல்லா வாங்கினா பழைய 'டி'யை அது சரிக்கட்டிடும். மூணு, பிரைவேட் காலேஜ் பலதும் வெளி மாநில யூனிவர்சிட்டிங்களும் ஒன்பதாவதையும் சேத்துதான் பாப்பாங்க. அந்த பட்டியல் என்னன்னா ஹிஸ்டரி 2 வருஷம், இங்கிலீஷ் 4, மேத்ஸ் 3, சயின்ஸ் 2, இன்னொரு மொழி 2, ஆர்ட்ஸ் (டான்ஸ், மியூசிக், ஓவியம் மாதிரி) 1, எலெக்டிவ் 1. இது குறைஞ்சபட்சம். மேத்ஸ் 4, சயின்ஸ் 3, மொழி 3 இருந்தா நல்லதுன்னு யூசியே சொல்லுது. இதுல 11 கோர்ஸ் பன்னண்டாவது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். பசங்க அடிக்கடி தடுக்கி விழறது அந்த ஒரு வருஷ ஆர்ட்ஸ்லதான், "அப்புறம் எடுத்துக்கலாம்"னு தள்ளித் தள்ளி கடைசி வருஷம் டைம்டேபிள்ல இடமில்லாம என் ரூம் வாசல்ல வந்து நிப்பாங்க. இன்னொரு விஷயம், உங்க பொண்ணு பரதநாட்டியம் வெளில கத்துக்கறதால அந்த ஆர்ட்ஸ் வருஷம் கழியாது, ஸ்கூல்லயோ காலேஜ்லயோ அங்கீகாரம் உள்ள கோர்ஸா எடுத்தாத்தான் ஆச்சு.

அடுத்து ஹானர்ஸ், அதாவது அதே பாடத்தை இன்னும் கஷ்டமா நடத்தற கிளாஸ். குரூப்ல "ஒன்பதாவதுலயே எல்லாம் ஹானர்ஸ்"ன்னு சொல்றாங்க இல்ல, யூசி கணக்குல ஒன்பதாவது ஹானர்ஸுக்கு எக்ஸ்ட்ரா பாயின்ட்டே கிடையாது. எக்ஸ்ட்ரா பாயின்ட் பத்தாவது பதினொண்ணாவதுக்கு மட்டும்தான், அதுவும் மொத்தம் 8 செமஸ்டர் வரைக்கும்தான், அதுல பத்தாவதுல இருந்து 4-க்கு மேல எடுத்துக்க மாட்டாங்க. அதாவது வருஷம் முழுக்க ஓடற ஏபி கோர்ஸ் (ஹைஸ்கூல்லயே எடுக்கற காலேஜ் லெவல் பாடம்) நாலு எடுத்தாலே அந்த உச்சவரம்பு நிரம்பிடும். அதுக்கு மேல எடுக்கறது பாயின்ட்டுக்காக இல்ல, பாடம் எவ்வளவு கஷ்டம்னு பாக்கற இடத்துல அதுக்கு மதிப்பு இருக்கு, அதுவும் உங்க ஸ்கூல்ல என்ன கிடைக்குதுங்கறதை வச்சுத்தான் பாப்பாங்க. அதனால உங்க பொண்ணுக்கு எது புடிக்குமோ அந்த ஒரு சப்ஜெக்ட்ல ஹானர்ஸ் எடுக்கட்டும், இங்கிலீஷோ பயாலஜியோ. மத்தது சாதாரண கிளாஸ் போதும். முதல் செமஸ்டர்ல அஞ்சு ஹானர்ஸ் போட்டு அக்டோபர்லயே கிளாஸ் மாத்தித் தாங்கன்னு வர்ற குடும்பங்களை வருஷா வருஷம் பாக்கறேன், அதுக்குள்ள அந்த கிளாஸ் எல்லாம் நிரம்பியிருக்கும்.

இப்ப மேத்ஸ், உங்களை தூங்க விடாத விஷயம். அல்ஜீப்ரா 1, ஜாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீ-கால்குலஸ்னு போனா அவ பன்னண்டாவதுல ப்ரீ-கால்குலஸ்ல நிப்பா. யூசி கேக்கற மூணு வருஷ மேத்ஸ் பதினொண்ணாவதுலயே முடிஞ்சுடும், நாலாவது வருஷமும் வந்துடும். ஹிஸ்டரி, பயாலஜி, சைக்காலஜி, நர்சிங், டிசைன் மாதிரி மேஜருக்கெல்லாம் இது தாராளமா போதும். இஞ்சினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஃபிசிக்ஸ்தான் வேணும்னா, பெரிய கேம்பஸ்கள்ல போட்டி போடறவங்க பெரும்பாலும் கால்குலஸ் முடிச்சிருப்பாங்க, அதனால அங்க இது குறையா தெரியும். இது உண்மை, மறைக்கல. ஆனா அதுக்கு வழி இன்னும் அடைபடல. சில ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல சம்மர்ல ஜாமெட்ரி எடுக்க விடுவாங்க, சில ஸ்கூல்ல பத்தாவதுல ஜாமெட்ரியும் அல்ஜீப்ரா 2-வும் சேத்து எடுக்கலாம், இல்லன்னா பதினொண்ணாவது முடிச்ச சம்மர்ல கம்யூனிட்டி காலேஜ்ல (ஊர்ல இருக்கற ரெண்டு வருஷ பப்ளிக் காலேஜ்) ப்ரீ-கால்குலஸ் எடுத்துட்டு பன்னண்டாவதுல கால்குலஸ் உக்காரலாம். எது நடக்கும்னு உங்க ஸ்கூல் கவுன்சலர்கிட்டதான் கேக்கணும், பக்கத்து ஊர்ல நடக்கறது உங்க ஊர்ல நடக்காது. முடிவு எடுக்க வேண்டியது இப்ப இல்ல, டிசம்பர்ல முதல் செமஸ்டர் மார்க்கைப் பாத்துட்டு.

ஏன் மார்க்கைப் பாத்துட்டுன்னு சொல்றேன்னா, எக்ஸ் ப்ளஸ் 3 ஹோல் ஸ்கொயர்னு குடுத்தா எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் 9-ன்னு எழுதற பசங்களை நான் அல்ஜீப்ரா 1-ல மட்டும் பாக்கல, ஏபி கால்குலஸ் கிளாஸ்லயும் பாத்திருக்கேன். நடுவுல வர்ற 6 எக்ஸ் காணாமப் போயிருக்கும். ஏழாவதுலயே கோச்சிங் சென்டர்ல அல்ஜீப்ரா முடிச்சு, எட்டாவதுல ஜாமெட்ரி முடிச்சு, வேகமா ஓடி வந்த பசங்கதான் அதுல நிறைய பேர். கால்குலஸ் புரியலன்னு வருவாங்க, நோட்டை வாங்கிப் பாத்தா கால்குலஸ் ஸ்டெப் சரியா இருக்கும், அல்ஜீப்ராலதான் தடுக்கியிருக்கும். 2025-ல யூசி சான் டியேகோ வாத்தியார்கள் குழு ஒரு அறிக்கை வெளியிட்டாங்க, அதுல அந்த வருஷம் சேர்ந்த ஃப்ரெஷ்மென்ல ஏறக்குறைய எட்டுல ஒருத்தருக்கு மேத்ஸ் ஹைஸ்கூல் லெவலுக்கும் கீழ இருக்குன்னு வந்துச்சு, ட்ரான்ஸ்கிரிப்ட்ல அவங்க நிறைய பேருக்கு நல்ல கிரேடுதான். அதனால உங்க பொண்ணு இந்த வருஷம் அல்ஜீப்ராவை பிசகில்லாம படிச்சா, ஓடிப் போன தோழிங்களை விட அவ பின்தங்கி இருக்கான்னு என்னால சொல்ல முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோல 2014-ல இருந்து எட்டாவதுல அல்ஜீப்ராவையே எடுத்துட்டு எல்லாரையும் ஒன்பதாவதுலதான் எடுக்க வச்சாங்க, பேரன்ட்ஸ் பத்து வருஷம் சண்டை போட்டு 2024-லதான் திரும்பக் கொண்டு வர முடிவாச்சு. அந்த பத்து வருஷமும் அந்த ஊர்ல இருந்து பசங்க காலேஜ் போயிட்டுதான் இருந்தாங்க. ஒண்ணு மட்டும் எச்சரிக்கை, அல்ஜீப்ரா 2 கஷ்டம், அதுக்கு பதிலா டேட்டா சயின்ஸ் எடுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, 2023-ல யூசி ஆசிரியர் கமிட்டி அந்த மாதிரி அறிமுக கோர்ஸ் அல்ஜீப்ரா 2-க்கு ஈடாகாதுன்னு சொல்லிட்டாங்க.

கிரேடு எங்க போகுதுன்னு கேட்டா, பரீட்சைல போறதை விட ஒன்பதாவதுல நிறைய போறது கொடுக்காத ஹோம்வொர்க்லதான். நாலு ஹோம்வொர்க், ஒவ்வொண்ணும் 10 மார்க். மூணுல முழு மார்க், ஒண்ணு சப்மிட் பண்ணவே இல்ல. 40-க்கு 30, அதாவது 75 சதவீதம், 'சி'. அந்த நாலாவதை அரைகுறையா எழுதி 6 வாங்கியிருந்தா 90, 'ஏ'. மிடில் ஸ்கூல்ல ஒரு டீச்சர் பின்னாடியே வந்து கேப்பாங்க, இங்க ஆறு டீச்சர், ஆறு பேரும் வேற வேற இடத்துல போஸ்ட் பண்ணுவாங்க, ஒருத்தர் கேன்வாஸ்ல, ஒருத்தர் கூகிள் கிளாஸ்ரூம்ல, ஒருத்தர் போர்டுல எழுதிட்டு அழிச்சுடுவார். முதல் ஆறு வாரத்துக்கு நீங்க உதவ வேண்டியது இந்த இடத்துலதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் அவ பக்கத்துல உக்காந்து, ஆறு கிளாஸையும் அவளே திறந்து, அந்த வாரம் எது என்னைக்கு தரணும்னு ஒரே பேப்பர்ல அவ கையாலயே எழுதட்டும், நீங்க எழுதாதீங்க. தீபாவளி வரைக்கும் பண்ணினா போதும், அப்புறம் மெல்ல எழுந்து போயிடுங்க.

அதோட ஸ்கூல் போர்ட்டல் ஆப், ஏரிஸோ பவர்ஸ்கூலோ, அதை உங்க போன்ல வச்சுக்கிட்டு மணிக்கொரு தடவை பாக்காதீங்க. கிளாஸ்ல பையன் உக்காந்திருக்கும்போதே "ஏன் 87?"ன்னு அப்பாகிட்ட இருந்து மெசேஜ் வந்து விழும், டீச்சர் அப்பதான் ஒரு க்விஸ் மார்க் ஏத்தியிருப்பாங்க, மீதி இன்னும் ஏத்தலை. வாரத்துக்கு ஒரு நாள், அவளோட சேந்து, அவ்வளவுதான். கிரேடு பத்தி டீச்சருக்கு மெயில் போகணும்னா அவ பேர்ல இருந்து அவளே எழுதிப் போகணும். பதினொண்ணாவது முடியும்போது ரெகமண்டேஷன் லெட்டர் கேக்க வேண்டி வரும், அம்மா அப்பாவோட மட்டுமே பேசிப் பழகின டீச்சர் அந்தப் பொண்ணைப் பத்தி என்னத்த எழுதுவாங்க சொல்லுங்க.

தூக்கத்தை தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. அவ வயசுக்கு ராத்திரி 8-ல இருந்து 10 மணி நேரம் தூங்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க. இங்க கலிஃபோர்னியால அதுக்குன்னே சட்டம் போட்டு, 2022 ஜூலைல இருந்து ஹைஸ்கூல் காலைல எட்டரைக்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஆக்கினாங்க. அதுலயும் ஜீரோ பீரியட்னு, ஸ்கூல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வைக்கற கிளாஸ் ஒண்ணை விட்டு வச்சிருக்காங்க, நம்ம ஆளுங்க அதுலயும் ஒரு எக்ஸ்ட்ரா கிளாஸைப் போட்டு புள்ளைய ஆறு மணிக்கு எழுப்பிடறாங்க. வேண்டாம். இந்தப் பக்கத்துல பசங்க மேல ஏறின அழுத்தம் எந்த அளவுக்குப் போச்சுன்னா, சான்டா கிளாரா கவுன்டில இளவயசுத் தற்கொலைகளை ஆராய 2016-ல அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி குழுவே வந்துச்சு. காரணம் இதுதான்னு ஒத்தை விஷயத்தைக் காட்ட முடியாது, காலேஜ் பிரஷர்தான்னு நானும் சொல்ல மாட்டேன். ஆனா புள்ள தூங்காம, சாப்பிடாம, பிடிச்சதையெல்லாம் விட்டுட்டு ஒதுங்கினா, கிரேடு பேச்சை அன்னைக்கே நிறுத்திட்டு ஸ்கூல் கவுன்சலரையோ டாக்டரையோ பாருங்க. அவசரம்னா 988-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம்.

ஆக்டிவிட்டி விஷயத்துக்கு வர்றேன், டான்ஸ் கிளாஸை நிறுத்தறது சரியான்னு கேட்டிருந்தீங்க. நிறுத்த வேண்டாம், அவளுக்கே பிடிக்காம இருந்தா ஒழிய. யூசி அப்ளிகேஷன்ல ஆக்டிவிட்டி, அவார்ட், வேலை எல்லாம் சேத்து 20 வரைக்கும் போடலாம், காமன் ஆப்ல (பல காலேஜுக்கும் சேத்து ஒரே இடத்துல போடற அப்ளிகேஷன்) 10, ஒவ்வொண்ணுக்கும் விவரம் 150 எழுத்துக்குள்ள அடங்கணும். அந்த 150 எழுத்துல நாலு வருஷம் ஒரே விஷயத்தைச் செஞ்ச பொண்ணுக்கு எழுத ஏதாவது இருக்கும், எட்டு கிளப்ல பேர் குடுத்துட்டு பீட்சாவுக்கு மட்டும் போன பொண்ணுக்கு ஒண்ணும் இருக்காது. நம்ம சமூகத்துல இப்ப ஒரு வழக்கம், பத்தாவதுல ஒரு நான்-ப்ராஃபிட் ஆரம்பிச்சு பேருக்கு ஒரு வெப்சைட், அப்பா அம்மா ஃப்ரெண்ட்ஸ்தான் டோனர், பன்னண்டாவது முடிஞ்சதும் மூடிடுவாங்க. அதைப் படிக்கறவங்களுக்கு அது தெரியாதுன்னு நினைக்கறது நம்ம அப்பாவித்தனம். பணம் கட்டி ரிசர்ச் பேப்பர் போடற ப்ரோக்ராமும் அதே ரகம்தான். அரங்கேற்றமும் அப்படித்தான், அவளும் குருவும் தயார்னா பண்ணுங்க, அது ஒரு சந்தோஷம், ஆனா காலேஜுக்காக மண்டபம் பிடிச்சு கல்யாண செலவு பண்ணி அரங்கேற்றம் வச்சா அட்மிஷன் ஆபீஸ்ல அதுக்குன்னு தனி மார்க் இல்ல.

இன்னொண்ணு, நம்ம வீட்டுல யாரும் ஆக்டிவிட்டின்னே கணக்குல வைக்காத விஷயம் உண்டு. ஊர்ல இருந்து வந்திருக்கற பாட்டியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் டாக்டர் சொல்றதை தமிழ்ல சொல்றது, தம்பியை தினமும் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து சாப்பாடு போடறது. காமன் ஆப்ல குடும்பப் பொறுப்புன்னு தனி வகையே வச்சிருக்காங்க. யூசில 8 கேள்வி குடுத்து 4-க்கு பதில் எழுதச் சொல்வாங்க, ஒவ்வொண்ணும் 350 வார்த்தைக்குள்ள, அதுல நான் படிச்சு ரசிச்ச பதில்கள்ல பாதி இந்த மாதிரி வீட்டு விஷயம்தான். தமிழ்ப் பள்ளிக்கூடம் போறான்னா அதையும் விட்டுடாதீங்க, கலிஃபோர்னியால 2012-ல இருந்து இருமொழித் தேர்ச்சிக்கு ஸ்டேட் முத்திரை ஒண்ணு டிப்ளமால குத்தறாங்க, தமிழுக்கும் வாங்கலாம், சில டிஸ்ட்ரிக்ட்ல வார இறுதித் தமிழ்ப் பள்ளி படிப்புக்கு கிரெடிட்டே குடுக்கறாங்க. ஆனா அந்த கிரெடிட் யூசியோட மொழி கணக்குல சேருமான்னு ஒன்பதாவதுலயே கவுன்சலர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. சேரும்னு நம்பி ஸ்பானிஷ் எடுக்காம விட்டுட்டு பன்னண்டாவதுல தவிச்சவங்க உண்டு.

காலேஜ் அட்மிஷனுக்கு எழுதற எஸ்ஏடி பரீட்சைக்கு கோச்சிங் இப்ப வேண்டவே வேண்டாம். யூசி, கலிஃபோர்னியாவோட இன்னொரு பப்ளிக் யூனிவர்சிட்டி சிஸ்டமான கால் ஸ்டேட், ரெண்டுமே அட்மிஷனுக்கு எஸ்ஏடி ஸ்கோரை பாக்கறதே இல்ல, அனுப்பினாலும் பாக்க மாட்டாங்க. மத்த இடத்துல நிலைமை திரும்பிக்கிட்டு வருது, எம்ஐடி 2022-ல திரும்ப கொண்டு வந்தாங்க, 2024-ல ஹார்வர்ட், யேல், டார்ட்மத், பிரவுன், கால்டெக் எல்லாம் வரிசையா மாறினாங்க. உங்க பொண்ணு அப்ளை பண்றப்போ எது எப்படி இருக்கும்னு இப்ப யார் அடிச்சுச் சொன்னாலும் நம்பாதீங்க. பத்தாவது முடிஞ்சப்புறம் ஒரு மாடல் டெஸ்ட் எழுதிப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம். அதுவரைக்கும் அவளுக்குப் பிடிச்ச புத்தகம் எதுவோ படிக்கட்டும், தினமும் அரை மணி. ரீடிங் செக்‌ஷன்ல கோச்சிங்கால ஏத்த முடியாத மார்க்கை இது ஏத்தும்னு நான் நம்பறேன். இது என் அனுபவம், நிரூபிச்சுக் காட்டச் சொன்னா கஷ்டம்.

பணம் பத்தி நம்ம வீட்டுல பன்னண்டாவது ஏப்ரல் வரைக்கும் யாரும் பேச மாட்டாங்க, அட்மிட் லெட்டர் வந்தப்புறம் கதவை சாத்திக்கிட்டு அப்பா அம்மா ராத்திரி பேசுவாங்க. இப்பவே பேசுங்க, உங்களுக்குள்ளயாவது. யூசி ட்யூஷன் மாநிலத்துல குடியிருக்கறவங்களுக்கு வருஷம் 15,000 டாலரை ஒட்டி, தங்கற செலவு சாப்பாடு சேந்தா அது ரெண்டு மடங்கைத் தாண்டிடும். பேர்போன பிரைவேட் காலேஜ் பலது எல்லாம் சேத்து வருஷம் 90,000-ஐத் தாண்டிடுச்சு. ஒவ்வொரு காலேஜ் வெப்சைட்லயும் நெட் ப்ரைஸ் கால்குலேட்டர்னு ஒண்ணு இருக்கும், 2011-ல இருந்து சட்டப்படி வச்சே ஆகணும், வருமானத்தைப் போட்டா உங்களுக்கு எவ்வளவு ஆகும்னு உத்தேசமா காட்டும். சிட்டிசனோ கிரீன் கார்டு உள்ள குடும்பமோன்னா, ஃபாஃப்சா ஃபார்ம்ல (மத்திய அரசு படிப்பு உதவிக்கு போடற அமெரிக்க விண்ணப்பம்) அவங்க பாக்கறது பத்தாவது படிக்கற ஜனவரில இருந்து பதினொண்ணாவது படிக்கற டிசம்பர் வரைக்கும் வந்த வருமானத்தை, அதனால ஸ்டாக் விக்கறது மாதிரி விஷயத்தை முன்கூட்டி யோசிக்க முடியும். உங்க கேஸ்ல பொண்ணு ஹெச்-4 விசால (ஹெச்-1பி வேலை விசால இருக்கறவங்க குடும்பத்துக்கு குடுக்கறது) இருக்கறதால ஃபாஃப்சா உதவி கிடைக்காது, சம்பளத்துக்கு வேலையும் பாக்க முடியாது, 21 வயசு ஆனா ஹெச்-4 முடிஞ்சுடும், அது அவ காலேஜ் கடைசி வருஷத்தை ஒட்டி வரும். பல பிரைவேட் காலேஜ்ல உதவித்தொகைக்கு அவளை வெளிநாட்டு மாணவி மாதிரிதான் பாப்பாங்க. கலிஃபோர்னியால ஹெச்-4 பசங்க குடியிருப்பு விதிகளுக்குள்ள வந்தா இன்-ஸ்டேட் ட்யூஷன் வாங்க முடியும், ஆனா நடுவுல எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினா அந்தக் கணக்கும் மாறலாம். இதுக்கு மேல நான் பேசக் கூடாது, நான் வக்கீல் இல்ல. இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் பணம் குடுத்துப் பேசுங்க, கன்சல்டன்ட்டுக்கு குடுக்கறதுல பத்துல ஒரு பங்குகூட ஆகாது.

எந்த காலேஜ் கிடைக்கும்ங்கறதுல எது நிச்சயம் எது இல்லன்னு பிரிச்சு சொல்லிடறேன். ஏ-ஜி முடிச்சு நல்ல ஜிபிஏ வச்சா யூசி சிஸ்டத்துல ஒரு இடம் கிடைக்கற வாய்ப்பு ரொம்ப நல்லா இருக்கு, ஸ்கூல்ல முதல் 9 சதவீதத்துல இருந்தா இடம் இருக்கற ஏதாவது ஒரு கேம்பஸ்ல கண்டிப்பா உண்டு, அது பெரும்பாலும் மெர்செட்டா இருக்கும். யூசிஎல்ஏ, பெர்க்லி, அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ்னா நிச்சயம்ங்கற பேச்சுக்கே இடமில்ல. யூசிஎல்ஏவுக்கு மட்டும் 2024-ல 1,45,000-ஐத் தாண்டி ஃப்ரெஷ்மென் அப்ளிகேஷன், நூத்துக்கு ஒம்பது பேரைத்தான் எடுத்தாங்க. ஒரே ஸ்கூல், ஒரே மாதிரி மார்க், ஒருத்திக்கு கிடைச்சு ஒருத்திக்கு கிடைக்காம போனதை நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், காரணம் கேட்டா எனக்கே புரியல. ஆனா கம்யூனிட்டி காலேஜ் வழியை நம்ம ஆளுங்க கேவலமா பாக்கறது மட்டும் எனக்கு கோபம் வரும். யூனிட்டுக்கு 46 டாலர், ரெண்டு வருஷம் அங்க நல்லா படிச்சா டேவிஸ், அர்வைன், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், ரிவர்சைட், மெர்செட் ஆறு கேம்பஸும் நிபந்தனையோட முன்கூட்டியே இடம் உறுதி பண்ற திட்டம் வச்சிருக்காங்க, சில மேஜருக்கு மட்டும் அது கிடையாது. பெர்க்லி, யூசிஎல்ஏ அதுல இல்ல, ஆனா அவங்களும் ட்ரான்ஸ்ஃபர்ல நிறைய பேரை எடுக்கறாங்க. ஹைஸ்கூல்ல இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் கிளாஸ் எடுக்கறது நல்லதுதான், ஆனா ஒன்பதாவதுல வேண்டாம், அந்த கிரேடு காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்ட்ல நிரந்தரமா உக்காந்துடும், 14 வயசுல வாங்கின 'சி' மெடிக்கல் ஸ்கூல் அப்ளை பண்ணும்போதும் கூடவே வரும்.

கன்சல்டன்ட் வேணுமான்னா, ஒன்பதாவதுக்கு வேண்டாம். நல்லவங்க இருக்காங்க, பட்டியல் போட்டுக் குடுப்பாங்க, கட்டுரையைப் படிச்சு கேள்வி கேப்பாங்க, வீட்டுல அப்பா அம்மா சண்டையைக் குறைப்பாங்க, அதெல்லாம் உபயோகம்தான், பதினொண்ணாவது கடைசில பாத்துக்கலாம். ஆனா "இந்த காலேஜ் வாங்கித் தர்றேன்"னு சொல்றவங்ககிட்ட இருந்தும் கட்டுரையை தானே எழுதித் தர்றவங்ககிட்ட இருந்தும் தள்ளியே இருங்க, 2019-ல வெளில வந்த வார்சிட்டி ப்ளூஸ் கேஸ்ல லஞ்சம் குடுத்து காலேஜ் இடம் வாங்கப் பாத்த பெத்தவங்க ஜெயிலுக்கே போனாங்க. உங்க ஸ்கூல் கவுன்சலர் இருக்காங்க, சம்பளம் உங்க வரிப்பணம். ஒருத்தருக்கு நூத்துக்கணக்குல பசங்க, அவங்களா தேடி வர மாட்டாங்க, உங்க பொண்ணுதான் செப்டம்பர்ல போய் பேர் சொல்லி அறிமுகம் ஆகிக்கணும். போகும்போது மூணு கேள்வி கேட்டுட்டு வரச் சொல்லுங்க: அல்ஜீப்ரா 1-ல ஆரம்பிச்சவங்க இந்த ஸ்கூல்ல கால்குலஸுக்கு எந்த வழியா போறாங்க, சம்மர் ஜாமெட்ரிக்கு எப்ப ரிஜிஸ்ட்ரேஷன், அதுக்கு என்ன கிரேடு வேணும். வீட்டுக்காரர் கேட்ட மேத்ஸ் கோச்சிங்கை அதுவரைக்கும் தள்ளிப் போடுங்க, ஸ்கூல்லயே மத்தியானம் டீச்சர்கிட்ட டவுட் கேக்கற நேரம் இருக்கும், முதல்ல அதுக்குப் போகட்டும். டிசம்பர்ல செமஸ்டர் கிரேடு வந்ததும் அந்த மூணு பதிலையும் சேத்து இங்கயே எழுதுங்க, சம்மர்ல ஜாமெட்ரி எடுக்கலாமா, பத்தாவதுல ரெண்டு மேத்ஸ் சேத்து எடுக்கலாமா, இல்ல இப்படியே போகலாமான்னு அப்ப பாத்து சொல்றேன்.